சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர்

உடுவிலில் படித்த காலத்தில் எங்களில் பலருக்கு வைத்தியராக, ஆசிரியராக, தாதியாக வரவேண்டுமென்ற ஆசை இருந்தது. அமைச்சராக வரலாமென்று நான் ஒருநாளும் எண்ணியதில்லை. வைத்தியத் தொழிலுக்கு வந்தபின்னரே, வைத்தியர் அல்லாத ஒரு பெண் அமைச்சராகிச் செய்த வைத்தியப் பணியின் அளவை உணர்ந்தேன்.

அம்ரித் கௌர் லக்னோவில் பிறந்தவர். கபூர்த்தலா அரச குடும்பத்தில் தோன்றிக் கிறிஸ்தவரான ராஜா ஹர்னாம் சிங்கின் ஒரே மகள். இங்கிலாந்தில் ஷெர்போர்ன் மகளிர் பாடசாலையில் கல்வி கற்றுத் தாயகம் திரும்பினார். 1919 இல் நிகழ்ந்த ஜாலியன்வாலாபாக் படுகொலை அவரை விடுதலைப் போராட்டத்தின்பால் திருப்பியது. இளவயதுத் திருமணத்தையும் பர்தா முறையையும் எதிர்த்தார். அகில இந்திய மாதர் மாநாட்டைத் தொடங்கியவர்களுள் ஒருவரானார். 1934 இல் அரண்மனை வாழ்வைத் துறந்து காந்தியடிகளின் ஆசிரமத்துக்குச் சென்று, நெடுங்காலம் அவருடைய செயலாளராகப் பணியாற்றினார். 1942 இல் சிறையும் சென்றார்.

1947 இல் நேருவின் முதல் அமைச்சரவையில் இடம்பெற்ற ஒரே பெண் அவர்தான். 1957 வரை, பத்தாண்டுகள் சுகாதாரப் பொறுப்பை வகித்தார். 1950 இல் உலக சுகாதாரப் பேரவைக்குத் தலைமை தாங்கிய முதற் பெண்மணியானார்.

காசநோயைத் தடுக்கப் பி.சி.ஜி. ஊசியை நாடெங்கும் கொண்டுசென்றபோது எதிர்ப்பு எழுந்தது. 1955 இல் ராஜாஜியே அதனை எதிர்த்து நூல் எழுதினார். அத்தகைய மூத்த தலைவர் மறுத்து நின்றும் அம்ரித் கௌர் திட்டத்தைக் கைவிடவில்லை.

டெல்லியில் உள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவனம் அவருடைய பெரும் பணி. 1956 இல் அதற்கான சட்டத்தைப் பாராளுமன்றத்தில் நிறைவேற்றுவித்தார். கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து வழங்கிய பத்து இலட்சம் பவுண் அதற்கு அடித்தளமானது. அங்கே கற்பிக்கும் வைத்தியர்கள் தனியார் சிகிச்சையில் ஈடுபடாது முழுநேரமும் பணிபுரிய வேண்டுமென்பது அவர் வகுத்த நெறி. சிம்லாவில் இருந்த தமது குடும்ப வீட்டையும், தாதியரும் ஏனைய ஊழியரும் ஓய்வுபெறும் இல்லமாக அந்நிறுவனத்துக்கே கொடுத்தார்.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். காந்தியடிகளின் வழிநின்ற அவர் செயற்கைக் கருத்தடை முறைகளை விரும்பவில்லை. அடுத்தடுத்த பேறுகளால் உடல் தளர்ந்த தாய்மாரைப் பார்த்த எனக்கு, அந்த ஒரு விடயத்தில் அவரோடு உடன்பட முடியவில்லை.

1964 இல் காலமானார். பிறந்த குழந்தையின் இடது கையில் பி.சி.ஜி. ஊசி ஏற்றப்படுவதைக் காணும்போதெல்லாம் அவர் நினைவுக்கு வருவார். இன்று எங்கள் பாடசாலையில் படிக்கும் தங்கைமாரில் யாராவது அமைச்சராக வேண்டுமென்று சொன்னால், சிரிக்காமல் கேட்போம்.