கல்லறைக் கல்லில் கற்ற எழுத்து

இங்கிலாந்தில் பர்மிங்காம் என்று ஒரு நகரம் உண்டு. அங்குள்ள நூலகத்தில் ஒரு சிலேட்டுக் கல்லைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அதற்கு வயது முந்நூறை நெருங்குகிறது.

கல்லறைக் கல் வெட்டித் தரப்படும் என்று சொல்லும் விளம்பரம் அது. நிமிர்ந்த எழுத்து, சாய்ந்த எழுத்து என்று விதவிதமாக வெட்டியிருக்கிறது. எந்த எழுத்து பிடிக்கிறதோ அதைக் காட்டினால் போதும்.

அதை வெட்டியவர் ஜான் பாஸ்கர்வில்.

1706-ல் கிராமத்தில் பிறந்தவர் அவர். பர்மிங்காமுக்கு வந்து, கையெழுத்து வாத்தியார் ஆனார். கூடவே கல்லும் வெட்டினார்.

இறகுப் பேனா ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடும். அதே வளைவை உளியால் கொண்டுவர வேண்டும். தாளில் தவறினால் வேறு தாள் எடுக்கலாம். கல்லில் தவறினால் கல்லே போச்சு! ஆகவே எழுத்துக்கு எழுத்து எவ்வளவு இடம், ஓரத்தில் எவ்வளவு இடம் என்று முதலிலேயே அளந்தாக வேண்டும். அச்சுத் தொழில் கற்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஏது?

பிறகு தட்டுகளுக்கும் பெட்டிகளுக்கும் பளபளப்பான மெருகு பூசும் தொழிலில் இறங்கினார். பணம் குவிந்தது. பெரிய வீடு கட்டினார்.

வேறொருவராயிருந்தால் அத்தோடு உட்கார்ந்திருப்பார். இவருக்கோ பழைய எழுத்து ஆசை விடவில்லை.

பணம் கரைந்தது

1750-ஐ ஒட்டி அச்செழுத்துச் செய்ய ஆரம்பித்தார். அவர் எழுத்தை வரைந்து கொடுப்பார். ஜான் ஹாண்டி என்ற தொழிலாளி அதை எஃகில் செதுக்குவார். எஃகைச் செம்பில் அடித்துப் பள்ளம் செய்து, அதில் ஈயக் கலவையை வார்க்க வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் இதே பாடு.

எழுத்து நன்றாக இருந்தால் மட்டும் போதுமா? மையைக் கருகருவென்று தாமே தயாரித்தார். அந்நாளில் காகிதத்தில் கம்பிக் கோடுகள் தெரியும். கோடில்லாத புதுக் காகிதத்தை வாட்மன் ஆலையிலிருந்து வாங்கினார். அச்சான தாளைச் சூடான செம்புத் தகடுகளுக்கிடையே வைத்து அழுத்தினார்.

1757-ல் முதல் புத்தகம் வந்தது. வர்ஜில் என்ற ரோமானியக் கவிஞரின் நூல் அது. முகப்பில் பூ இல்லை, கொடி இல்லை. தள்ளித் தள்ளி நின்ற பெரிய எழுத்துக்களும் வெள்ளை இடமுமே இருந்தன. கல்லில் பழகிய கை அல்லவா!

பிராங்க்ளின் செய்த வேடிக்கை

புகழும் வந்தது, பழியும் வந்தது. இந்த எழுத்தின் மெல்லிய கோடுகள் கண்ணைக் கெடுத்துவிடும் என்று ஒரு கனவான் சொல்லித் திரிந்தார்.

அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்க்ளின் அப்போது லண்டனில் இருந்தார். அவரும் அச்சுத் தொழிலாளிதான். அந்தக் கனவானிடம், காஸ்லன் என்பவர் செய்த எழுத்து மாதிரித் தாளைப் பெயரைக் கிழித்துவிட்டு நீட்டினார். பாஸ்கர்வில் எழுத்து என்று சொல்லிக் குறை காட்டச் சொன்னார்.

கனவான் குறைகளை அடுக்கினார். படிக்கும்போதே கண் வலிக்கிறது என்றார்.

அவர் பிறந்தது முதல் சுகமாகப் படித்து வந்ததே காஸ்லன் எழுத்தில்தான்! பிராங்க்ளின் அதை அவரிடம் சொல்லவில்லை. 1760-ல் பாஸ்கர்விலுக்குக் கடிதமாக எழுதினார்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்காக 1763-ல் பெரிய பைபிளை அச்சிட்டார் பாஸ்கர்வில். அவர் வேலைகளில் சிறந்தது அதுவே. ஆனால் விற்கவில்லை. மிஞ்சிய பிரதிகளைப் புத்தக வியாபாரியிடம் தள்ளிவிட நேர்ந்தது. அச்சுத் தொழிலே அவருக்கு அலுத்துப்போயிற்று.

1775-ல் காலமானார். இங்கிலாந்தில் அந்த எழுத்துக்களை வாங்க ஆள் இல்லை. மனைவி சாரா 1779-ல் பிரெஞ்சு நாடகாசிரியர் போமார்ஷேக்கு விற்றார். வால்டேரின் நூல்கள் அவற்றில் அச்சாயின.

பின்பு அந்த எஃகு அச்சுகள் பல கை மாறின. 1953-ல் ஒரு பிரெஞ்சுக் கம்பெனி அவற்றை இங்கிலாந்துக்கே நன்கொடையாகக் கொடுத்தது. போய்ச் சேர்ந்த இடம், அவர் பைபிள் அச்சிட்ட அதே கேம்பிரிட்ஜ்.