ஓவியர் இராஜா இரவிவர்மா

கலைமகள் விழாக் காலத்தில் நம் வாவிக்கரை இல்லங்களிலும் பாடசாலைகளிலும் மாலை சூட்டப்பெறும் திருவுருவப் படங்களை நாமெல்லாம் அறிவோம். நீர்நிலையருகே பாறைமீதமர்ந்து வீணை ஏந்திய கலைமகள், அயலில் ஒரு மயில். செந்தாமரைமேல் நிற்கும் திருமகள், பின்னே ஒரு யானை. இவ்வமைப்பில் வழங்கும் படங்கள் பலவற்றுக்கு மூலம் வரைந்தவர் இராஜா இரவிவர்மா. சித்திரம் பயிலும் நம் மாணவர், வரைந்ததை வாங்குவோரிடம் சேர்ப்பது எங்ஙனம் என்று கலங்குவதை நாம் காண்கின்றோம். அவர்கள்பொருட்டே அன்னாரின் வாழ்வை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

இவர் 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள், திருவிதாங்கூரைச் சேர்ந்த கிளிமானூரிற் பிறந்தார். பதினான்கு வயதில் மாதுலர் இவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்று ஆயில்யம் திருநாள் மகாராசாவின் ஆதரவிற் சேர்த்தார். அரண்மனை ஓவியர் இராமசுவாமி நாயக்கர் எண்ணெய் வண்ணக் கலையைக் கற்பிக்க இசையவில்லை. அவர் மாணாக்கராகிய ஆறுமுகம் பிள்ளையே மறைவில் உதவினார் என்பர். 1868இல் வந்த தியடோர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியரோ, தாம் வரைவதை அருகிருந்து காண மட்டும் அனுமதித்தார். மீதியைக் கண்ணாலும் கையாலும் தாமே கற்றார்.

அக்காலத்தில் ஓவியனுக்கு அரசவையே சந்தை. மன்னர் விரும்பினால் வாழ்வு; அன்றேல் வறுமை. இரவிவர்மா அவ்வெல்லையினுள் நின்றுவிடவில்லை. 1873இல் சென்னையில் நிகழ்ந்த கலைக் கண்காட்சிக்கு, கூந்தலில் மல்லிகை சூடும் நாயர் மங்கையின் ஓவியத்தை அனுப்பினார். ஆளுநரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டில் வியன்னாக் கண்காட்சியிலும் அவ்வோவியம் பரிசு பெற்றது. பின்னர், சகுந்தலை காதல் மடல் தீட்டும் ஓவியத்தைச் சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகனே விலை கொடுத்து வாங்கினார். தேர்ந்த நடுவர் கூடும் இடத்துக்குப் படைப்பைத் துணிந்து அனுப்பியதனால் வந்த பேறு இது. பரோடா மன்னருக்கென வரைந்த பதினான்கு புராண ஓவியங்களையும் ஒப்படைக்குமுன் பம்பாயிற் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார். 1893இல், விவேகானந்த அடிகள் முழங்கிய அதே சிக்காகோ நகரிலே இவருடைய பத்து ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பெற்றுப் பதக்கம் பெற்றன.

தம்பியார் இராஜராஜவர்மாவின் துணையையும் மறத்தலாகாது. தாமும் நல்ல ஓவியராகிய அவர், தமையனாரோடு ஊரூராகப் பயணஞ் செய்தும் கடிதத் தொடர்புகளைக் கவனித்தும் நாட்குறிப்பு எழுதியும் உழைத்தார். கலைஞர் பலருக்கு இத்தகையதொரு தம்பி வாய்ப்பதில்லை.

ஓவியங்களை அச்சிட்டுப் பரப்புமாறு 1884இல் எழுதியவர், திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக விளங்கிய சேர் மாதவராவ். பத்தாண்டு கழித்து, 1894இல், பம்பாயில் இரவிவர்மா அச்சகம் நிறுவினார். ஜெர்மானியப் பொறிகளும் வல்லுநரும் வந்தனர். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கல்லில் வரைந்து, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டு, எண்ணெய் ஓவியம் போல் மின்ன மெருகிடுவர். மூலத்தை வாங்க இயலாத எளியோர் சுவரிலும் அப்படங்கள் ஏறின. ஆலயத்துள் நுழைய அனுமதி மறுக்கப்பட்டோரும் தெய்வ உருவைத் தம் குடிலில் வைத்து வணங்கினர். இது சிறு செயலன்று.

எனினும் வணிகம் அவர்க்குக் கைகொடுக்கவில்லை. பம்பாயிற் கொள்ளைநோய் பரவியது, கடன் பெருகியது. 1899இல் அச்சகம் லோணாவளைக்கு அருகிலுள்ள மலவளிக்கு மாற்றப்பட்டது. சில ஆண்டுகளிற் படவுரிமையோடு ஷிலைச்சர் என்னும் ஜெர்மானியர்க்கு அது விற்கப்பட்டது. அச்சுப் படங்கள் பெருகப் பெருக ஓவியரின் பெயர் வளர்ந்தது. ஊதியமோ பிறர் கை சேர்ந்தது. உரிமையை விற்குமுன் பன்முறை எண்ணுதல் வேண்டுமென இளைஞர்க்கு யாம் கூறுவது இதனாலேயே.

நம் இலங்கை தந்த கலைப் பேரறிஞர் ஆனந்த குமாரசுவாமி, இவ்வோவியங்கள் நாடக மேடையை நினைவூட்டுவன, இந்திய மரபின் உள்ளுணர்வு அற்றன எனக் கடிந்தார். அக்கண்டனத்தில் உண்மையுண்டு, ஆயினும் முழுமையாக உடன்பட எம்மால் இயலவில்லை. மரபறிந்தோர் மதிக்கும் ஓவியம் வேறு, மக்கள் இல்லத்துக்கு அழைத்துச் செல்லும் ஓவியம் வேறு; இரண்டாவதை இவரளவு செய்தவர் அரியர்.

1905இல் தம்பியார் மறைந்தார். 1906ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் கிளிமானூரிலே இரவிவர்மாவும் மறைந்தார். மலவளி அச்சகம் 1972இல் தீக்கிரையாயிற்று. 1979இல் இந்திய அரசு இவர் ஓவியங்களைத் தேசியக் கலைச் செல்வமென அறிவித்து, நாட்டுக்கு வெளியே விற்பதைத் தடைசெய்தது.