நோய் வந்த வழியைத் தேடியவர்

ஓர் ஊரில் கொள்ளைநோய் பரவும்போது முதலில் பழி சுமப்பது அந்த ஊர்தான். தாழ்வான நிலம், நெருக்கமான குடியிருப்பு, சாக்கடை நாற்றம், அங்கு வாழ்வோரின் பழக்கவழக்கம் என்று காரணங்கள் அடுக்கப்படும். அதே நோய் சில தெருக்கள் தள்ளி வாழ்வோரை ஏன் தொடவில்லை என்று கேட்போர் சிலரே. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் அக்கேள்வியை விடாமல் கேட்டவர் மருத்துவர் ஜான் ஸ்னோ. மருத்துவம் பயில்வோர் அவரை அறிவர். பொருளியல் வகுப்பிலும் அவர் பெயரைச் சொல்லாமல் நான் ஓர் ஆண்டையும் கடந்ததில்லை. உண்மையான காரணத்தையும் உடன்நிகழ்வையும் பிரித்தறியக் கற்றுத் தந்த முன்னோடிகளுள் அவர் ஒருவர்.

ஸ்னோ 1813 மார்ச் 15-இல் இங்கிலாந்தின் யார்க் நகரில், ஊஸ் ஆற்றை ஒட்டிய, வெள்ளம் புகும் ஏழைகள் தெருவொன்றில் பிறந்தார். தந்தை கூலித் தொழிலாளி. ஒன்பது குழந்தைகளில் இவரே மூத்தவர். 14 வயதில் நியூகாசில் நகர மருத்துவர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார்.

வங்கத்தில் 1817-இல் பெருகத் தொடங்கி, வணிகப் பாதைகளிலும் படைகள் சென்ற வழிகளிலும் பரவிய காலரா, 1831-இல் வடகிழக்கு இங்கிலாந்தை எட்டியது. கில்லிங்வொர்த் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்குச் சிகிச்சை அளிக்க அனுப்பப்பட்டபோது ஸ்னோவுக்கு வயது 18. கழிப்பிட வசதியின்றிப் பல மணி நேரம் நிலத்தடியில் உழைத்து, கழுவாத கையால் அங்கேயே உணவு உண்ட அந்த மனிதர்களின் நிலை அவர் நினைவிலிருந்து அகலவில்லை. பின்னாளில் காலராவைப் பற்றி எழுதியபோது சுரங்கத் தொழிலாளர்களைச் சிறப்பாகக் குறிப்பிட்டார்.

இளமையிலேயே புலால் உணவையும் மதுவையும் கைவிட்ட ஸ்னோ, 1836-இல் லண்டனுக்கு வந்து மருத்துவம் பயின்று, 1844-இல் லண்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அவருக்கு முதலில் புகழ் தேடித் தந்தது காலரா ஆய்வு அன்று, மயக்க மருந்தே. ஈதரையும் குளோரோஃபார்மையும் எந்த அளவில், எந்த வெப்பநிலையில் செலுத்துவது என்பதை அளந்தறிந்து முறைப்படுத்தினார். விக்டோரியா அரசியாருக்கு 1853, 1857 ஆகிய ஆண்டுகளில் பிரசவ வேளையில் குளோரோஃபார்ம் அளித்தவரும் அவரே. வாயுக்களின் இயல்பை நன்கறிந்த அந்த அனுபவமே, காலரா கெட்ட காற்றால் வருகிறது என்ற அக்காலக் கோட்பாட்டை அவர் ஐயுறக் காரணமாயிற்று. வாயு பரவினால் தொலைவுக்கு ஏற்ப அதன் வலிமை குறைய வேண்டும். ஒரே காற்றைச் சுவாசிக்கும் இரு வீடுகளில் ஒன்றை மட்டும் அது எப்படித் தேர்ந்தெடுக்கும்? மேலும், காலரா தாக்குவது குடலை. எனவே நச்சு வாய் வழியாகவே உள்ளே சென்றிருக்க வேண்டும் என்று முடிவு செய்த ஸ்னோ, 1849-இல் இக்கருத்தைச் சிறுநூலாக வெளியிட்டார். அதை ஏற்றவர்கள் மிகச் சிலர்.

எதிர்த்தரப்பில் இருந்தவர்கள் அறிவிலிகள் அல்லர். தலைமைப் பதிவாளர் அலுவலகத்தில் பணியாற்றிய வில்லியம் ஃபார், இங்கிலாந்தின் பிறப்பு, இறப்புப் புள்ளிவிவரங்களுக்கு ஒழுங்கு தந்த அறிஞர். 1849-ஆம் ஆண்டு காலரா மரணங்களை லண்டனின் நில உயரத்தோடு ஒப்பிட்ட அவர், வியப்பான ஓர் ஒழுங்கைக் கண்டார். தேம்ஸ் நதி மட்டத்தை ஒட்டிய தாழ்நிலங்களில் இறப்பு மிக அதிகம்; மேட்டு நிலங்களில் மிகக் குறைவு. தாழ்நிலத்தில் தேங்கும் கெட்ட காற்றே காரணம் என்று அவர் முடிவு கட்டினார். அவருடைய கணக்கில் பிழையில்லை. ஆனால், தாழ்நிலங்களுக்குக் கிடைத்த தண்ணீர் பெரும்பாலும் கழிவு கலந்த தேம்ஸ் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதற்கு அவர் உரிய எடை தரவில்லை. கண்ணுக்குத் தெரிந்த உயரம் காரணமாகத் தோன்றியது. கண்ணுக்குத் தெரியாத குழாய் மறைந்து நின்றது.

இந்தப் பிழை ஏட்டோடு நின்றுவிடவில்லை. நாற்றமே நோய் என்று நம்பிய அதிகாரிகள், வீடுகளின் மலக்குழிகளை ஒழித்துக் கழிவை வடிகால்கள் வழியே தேம்ஸில் சேர்த்தார்கள். வீடுகளில் நாற்றம் குறைந்தது. அந்த நதியின் நீரையே லட்சக்கணக்கானோர் குடித்தார்கள்.

1854 ஆகஸ்ட் இறுதியில் சோஹோ பகுதியின் பிராட் தெருவைச் சுற்றிக் காலரா வெடித்தது. பத்து நாட்களுக்குள் சுமார் 500 பேர் மாண்டனர். அருகிலேயே வாழ்ந்த ஸ்னோ, பதிவாளர் அலுவலகத்தில் இறந்தோர் பட்டியலைப் பெற்று வீடு வீடாகச் சென்றார். முதல் சில நாட்களின் 83 மரணங்களில் 73, பிராட் தெரு அடிபம்புக்கு அருகில் நிகழ்ந்தவை. அந்த 73 பேரில் 61 பேர் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் என்று தெரியவந்தது. விதிவிலக்குகளே அவருக்குப் பெரிய சான்றுகளாயின. அருகிலிருந்த ஏழைகள் இல்லத்தில் 535 பேர் இருந்தும் இறந்தவர்கள் ஐவரே. அங்குத் தனிக் கிணறு இருந்தது. அதே தெருவின் மதுவடிப்பாலைத் தொழிலாளர்கள் 70-க்கும் மேற்பட்டோரில் ஒருவரும் காலராவால் இறக்கவில்லை. அவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிப்பதே இல்லை. மாறாக, பல மைல் தொலைவில் ஹாம்ப்ஸ்டெட் மேட்டு நிலத்தில் வாழ்ந்த ஒரு மூதாட்டி இறந்தார். அந்தப் பம்பின் தண்ணீர்ச் சுவையை விரும்பி, அதை நாள்தோறும் வரவழைத்துக் குடித்தவர் அவர். மேட்டு நிலமும் தூய காற்றும் அவரைக் காக்கவில்லை.

செப்டம்பர் 7 அன்று ஸ்னோ உள்ளூர் நிர்வாகக் குழுவிடம் தம் சான்றுகளை எடுத்துரைத்தார். மறுநாள் பம்பின் கைப்பிடி அகற்றப்பட்டது. அவ்வேளையில் நோய் ஏற்கெனவே தணியத் தொடங்கியிருந்தது என்பதையும், தம் செயலால்தான் அது நின்றது என்று கூற முடியாது என்பதையும் ஸ்னோவே நேர்மையோடு பதிவு செய்தார். புகழ்பெற்ற அவருடைய வரைபடமும் பின்னர் வரையப்பட்டதுதான். மரணங்களை வீட்டுக்கு வீடு கறுப்புக் கோடுகளாக அடுக்கிக் காட்டிய அந்தப் படம், அவர் முன்பே கண்டறிந்ததைப் பிறருக்கு விளங்க வைக்கும் கருவி. அதன் இன்னொரு வடிவத்தில், எந்த வீட்டிலிருந்து எந்தப் பம்பு நடைதூரத்தில் மிக அருகில் உள்ளது என்பதைத் தெருக்களின் வழியே அளந்து எல்லை வகுத்தார். மனிதர் தண்ணீருக்கு நடக்கும் வழியே அவருடைய புவியியல்.

ஆயினும் என் பார்வையில் அவருடைய ஆகச் சிறந்த ஆய்வு தெற்கு லண்டனில் நிகழ்ந்ததே. அங்குச் சௌத்வார்க்-வாக்ஸ்ஹால், லாம்பெத் என்ற இரு தனியார் நிறுவனங்கள் ஒரே தெருக்களில் குழாய் பதித்துத் தண்ணீர் விற்றன. லாம்பெத் நிறுவனம் 1852-இல் தன் நீரெடுப்பு நிலையத்தை நகரக் கழிவு எட்டாத மேல்நதிப் பகுதிக்கு மாற்றியது. மற்றது மாற்றவில்லை. செல்வரும் ஏழையும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ, காற்றும் நிலமும் தொழிலும் ஒன்றாயிருக்க, தண்ணீர் மட்டும் வேறுபட்டது. ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் தம்மை அறியாமலே ஒரு சோதனைக்கு உட்பட்டிருந்தனர். பொருளியலார் இன்று இதனை இயற்கைச் சோதனை என்பர்.

எந்த வீட்டுக்கு எந்த நிறுவனம் என்பது குடியிருந்தோர் பலருக்கே தெரியாது. ஸ்னோ தண்ணீரின் மாதிரிகளைச் சேகரித்து, சில்வர் நைட்ரேட் கொண்டு உப்பின் அளவைச் சோதித்து நிறுவனத்தை அடையாளம் கண்டார். வில்லியம் ஃபார், கோட்பாட்டில் மாறுபட்டிருந்தும், மரணப் பதிவுகளைத் தயங்காமல் தந்து உதவினார் என்பது இருவருக்கும் பெருமை. நோய் பரவிய முதல் ஏழு வாரங்களில், ஒவ்வொரு 10,000 வீட்டுக்கும் சௌத்வார்க்-வாக்ஸ்ஹால் தண்ணீர் பெற்ற இடங்களில் 315 மரணங்கள். லாம்பெத் தண்ணீர் பெற்ற இடங்களில் 37. நிலத்தின் இயல்பு என்று கருதப்பட்டது, ஒரு நிறுவனம் எங்கிருந்து நீர் எடுக்க முடிவு செய்தது என்பதன் விளைவாக இருந்தது.

இவற்றையெல்லாம் திரட்டி 1855-இல் தம் நூலின் விரிந்த பதிப்பை வெளியிட்டார் ஸ்னோ. அரசின் சுகாதார வாரியம் அமைத்த அறிவியல் குழு அதை ஏற்கவில்லை. அவரது கூற்றைத் தவறென நிறுவப் புறப்பட்ட சோஹோ பாதிரியார் ஹென்றி ஒய்ட்ஹெட்தான், விசாரணையின் முடிவில் அவருடைய வலுவான ஆதரவாளரானார். பிராட் தெரு வீடொன்றில் நோயுற்ற பச்சிளங்குழந்தையின் துணிகளை அலசிய நீர், கிணற்றை ஒட்டிக் கசிந்துகொண்டிருந்த மலக்குழியில் கொட்டப்பட்டதை அவரே கண்டறிந்தார்.

மணம் செய்துகொள்ளாத ஸ்னோ, பக்கவாதத்தால் தாக்கப்பட்டு 1858 ஜூன் 16-இல் தமது 45-ஆம் வயதில் காலமானார். மருத்துவ இதழான லான்செட் வெளியிட்ட சுருக்கமான இரங்கல் குறிப்பில் அவருடைய காலரா ஆய்வு இடம்பெறவில்லை. 2013-இல், அவர் பிறந்த 200-ஆம் ஆண்டில், அவ்விதழ் தன் தவற்றைத் திருத்திக்கொண்டது. 1866-இல் கிழக்கு லண்டனில் காலரா பரவியபோது, அங்குள்ள தண்ணீர் நிறுவனத்தையே காரணமாகச் சுட்டியவர் வில்லியம் ஃபார். சான்றுகள் மாறியபோது தம் கருத்தையும் மாற்றிக்கொண்டார் அவர். 1884-இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் காலராக் கிருமியை இனங்கண்டபோது, ஸ்னோ இறந்து கால் நூற்றாண்டு கடந்திருந்தது. கிருமியைக் காணாமலே அது வந்த வழியை அவர் அடைத்துக் காட்டியிருந்தார்.

நிலவியல் நோயை விளக்குகிறது என்பது உண்மை. ஆனால் ஃபாரும் ஸ்னோவும் ஆராய்ந்தது ஒரே நகரத்தைத்தான். முன்னவர் நிலத்தின் உயரத்தைப் பார்த்தார். பின்னவர் நிலத்தடியில் ஓடிய குழாயைத் தேடினார். பள்ளத்தில் பிறந்தவர்களை மேட்டில் குடியேற்ற எந்த அரசாலும் எளிதில் இயலாது. தண்ணீர் எடுக்கும் இடத்தை மாற்ற இயலும்.

விட்டுவிட்டுத் தண்ணீர் வரும் நம் நகரங்களில், அழுத்தம் குறைந்த நேரத்தில் குழாயின் விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடை நீர் உட்புகுவது இன்றும் நிகழக்கூடியதே. ஒரு தெருவில் வயிற்றுப்போக்கு பரவினால் அத்தெருவாசிகளின் சுத்தத்தைக் குறைகூறுவது எளிது. அவர்களுக்கு வரும் தண்ணீர் எந்தக் குழாயில், எதன் அருகே ஓடி வருகிறது என்று மண்ணைத் தோண்டிப் பார்ப்பது கடினம். ஊஸ் ஆற்றங்கரையின் ஏழைத் தெருவில் பிறந்த ஸ்னோ செய்தது அந்தக் கடினமான வேலையைத்தான்.