இணக்கம் கண்ட வழக்கறிஞர்

வாணிகம் நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்டது. இன்று சரக்கைக் கொடுத்து நாளை விலையைப் பெறுவதும், கடனாகப் பெற்ற பொருளைத் தவணையில் திருப்புவதும் வணிகருலகில் நாள்தோறும் நிகழ்வன. சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்தின் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும், தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டையிலும், தாம்பரத்தின் கடைத்தெருவிலும் பற்று வரவு இல்லாத வணிகரைக் காண்பது அரிது. தவணை தவறுமாயின் நம்பிக்கை ஐயமாகவும், ஐயம் பகையாகவும் மாறுகின்றது. பகை முற்றினால் இருவரும் வழக்கு மன்றத்தின் படிகளில் ஏறுகின்றனர். அவ்வாறு எழுந்த பெரியதொரு கடன் வழக்கு, இளைஞர் ஒருவருக்கு வாழ்நாள் முழுதும் மறவாத பாடத்தைக் கற்பித்தது. அவ்விளைஞரே பிற்காலத்தில் உலகம் போற்றிய காந்தியடிகள் ஆவார்.

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள் போர்பந்தரில் பிறந்தார். 1888-இல் இலண்டன் மாநகருக்குச் சென்று சட்டம் பயின்றார். 1891-இல் பாரிஸ்டர் பட்டம் பெற்றுத் தாய்நாடு திரும்பினார். பட்டம் கிடைத்ததே யன்றித் தொழில் கைகூடவில்லை. பம்பாயில் சிறு வழக்கு மன்றத்தில் முதன்முதலாக ஒரு வழக்கை ஏற்றார். குறுக்கு விசாரணைக்கு எழுந்து நின்றபோது தலை சுழன்றது; நா எழவில்லை. பெற்ற கட்டணமாகிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மன்றத்தை விட்டு வெளியேறினார். பின்னர் இராஜகோட்டை யடைந்து, மனுக்கள் எழுதிக் கொடுத்துப் பொருளீட்டி வந்தார்.

அந்நாளில் போர்பந்தரைச் சேர்ந்த மேமன் வணிகர் பலர் தென்னாப்பிரிக்காவில் பெருவாணிகம் நடத்தி வந்தனர். அவருள் ஒருவர் தாதா அப்துல்லா சேட். அவர் டர்பன் நகரில் வாழ்ந்தார். பிரிட்டோரியா நகரில் வாழ்ந்த தயாப் சேட் என்பவர்மீது அவர் 40,000 பவுன் கேட்டு வழக்குத் தொடுத்திருந்தார். வழக்குப் பத்திரங்களும் கடிதங்களும் பெரும்பாலும் குஜராத்தி மொழியில் இருந்தன. அவற்றை ஆங்கில வழக்கறிஞர்க்கு விளக்கிச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தார். ஓராண்டுப் பணிக்கு 105 பவுன் ஊதியமும், போக்குவரத்துச் செலவும் தருவதாக அழைப்பு வந்தது. காந்தியடிகள் அதனை ஏற்று, 1893-ஆம் ஆண்டு மே மாதத்தில் டர்பன் துறைமுகத்தில் இறங்கினார்.

அப்துல்லா சேட்டும் தயாப் சேட்டும் ஓரூரினர், உறவினருங்கூட. இதனை அறிந்த காந்தியடிகள், பிரிட்டோரியாவிற்குப் புறப்படு முன்னரே, வழக்கை மன்றத்திற்கு வெளியே தீர்த்துக்கொள்ள முயல்வதாக அப்துல்லா சேட்டிடம் தெரிவித்தார். சேட் வியப்புற்றார். இணக்கம் நல்லதே என்றாலும், எதிராளி எளிதில் இசைபவர் அல்லர் என்று எச்சரித்து அவரை வழியனுப்பினார். அந்தப் பயணத்தில்தான், ஜூன் 7-ஆம் நாள் இரவு, பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் காந்தியடிகள் நிறவெறியால் முதல் வகுப்பு வண்டியினின்றும் இறக்கப்பட்டார். அவமதிப்பால் மனம் நொந்தாரேனும், ஏற்ற பணியைக் கைவிட்டு ஊர் திரும்புவது கோழைமை எனக் கருதிப் பயணத்தைத் தொடர்ந்தார்.

பிரிட்டோரியாவில் அவர் விரைவில் எதிராளியாகிய தயாப் சேட்டுடன் பழக்கம் செய்துகொண்டார். அந்நகர இந்தியருள் செல்வாக்கு மிகுந்தவர் தயாப் சேட். அவர் துணையால் இந்தியர் கூட்டம் ஒன்று கூடியது. அங்கே காந்தியடிகள் வாணிகத்தில் வாய்மை வேண்டும் என்பதைப் பொருளாகக் கொண்டு பேசினார். பம்பாய் மன்றத்தில் வாயடைத்து நின்றவர் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய முதற் சொற்பொழிவு அதுவே. ஒரு கட்சிக்காரரின் ஊதியம் பெற்று வந்தவராயினும், மற்றவரும் நம்பத்தக்கவர் தாம் என்பதைத் தம் ஒழுக்கத்தால் அவர் புலப்படுத்தினார்.

வழக்கோ கணக்குகளின் காடாக இருந்தது. வழக்கின் ஒரு பகுதி புரோநோட்டுகளைப் பற்றியது; மற்றொரு பகுதி, புரோநோட்டு எழுதித் தருவதாகச் செய்த உறுதிமொழியைப் பற்றியது. அந்நோட்டுகள் வஞ்சனையாற் பெறப்பட்டவை என்றும், அவற்றிற்கு ஈடான பொருள் தரப்படவில்லை என்றும் எதிர்க்கட்சி வாதித்தது. காந்தியடிகளுக்குக் கணக்கியல் தெரியாது. புரோநோட்டு என்ற சொல்லின் பொருளே அப்பொழுதுதான் அவர்க்குத் தெரியவந்தது. அதற்காக அவர் நாணவில்லை. கணக்கியல் நூல் ஒன்றை விலைக்கு வாங்கிப் பயின்றார். கடிதங்களை ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தார். பேரேட்டின் வரிகளைத் துருவி ஆராய்ந்தார். நடந்தது இன்னதெனத் தெளிந்தால் சட்டம் தானே துணைக்கு வரும் என்பதை உணர்ந்தார். அப்துல்லா சேட்டின் பக்கமே நியாயமும் சட்டமும் வலுவாக இருந்தன.

எனினும் மற்றோர் உண்மையும் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. இரு பக்கத்திலும் சிறந்த வழக்கறிஞர்கள் அமர்த்தப்பட்டிருந்தனர். கட்டணம் நாளுக்கு நாள் ஏறியது. வழக்கு நீளுமாயின், வென்றவரும் செலவு முழுவதையும் எதிராளியிடம் பெற இயலாது. வணிகர் இருவரும் கடையைக் கவனியாமல் வழக்கையே நினைந்து உழன்றனர். பகை வளர்ந்தது. இவ்வழக்கு இறுதிவரை நடந்தால் ஓரூரினரும் உறவினருமான இருவரும் அழிவர் என்று காந்தியடிகள் கண்டார். ஆதலின் தயாப் சேட்டை அணுகி, இருவரும் நம்பும் ஒருவரை நடுவராக்கி வழக்கை விரைவில் முடிக்குமாறு பலகால் வேண்டினார். இறுதியில் தயாப் சேட் இசைந்தார். நடுவர் வழக்கை ஆராய்ந்தார். தீர்ப்பு அப்துல்லா சேட்டிற்குச் சார்பாக அமைந்தது.

பிறராயின் இத்துடன் கடமை முடிந்தது என மகிழ்ந்திருப்பர். காந்தியடிகளோ இங்கேதான் உண்மையான இடர் தொடங்குவதைக் கண்டார். தீர்ப்பின்படி தயாப் சேட் செலுத்தவேண்டிய தொகை ஏறக்குறைய 37,000 பவுன். வழக்குச் செலவு வேறு. அவ்வளவையும் ஒரே தவணையில் செலுத்த அவரால் இயலாது. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த போர்பந்தர் மேமன்களிடம் எழுதாச் சட்டம் ஒன்று இருந்தது. மஞ்சள் கடிதம் நீட்டித் திவாலானவர் எனப் பெயரெடுப்பதினும் உயிர்விடுதலே மேல் என்பது அது. கடனில் ஒரு காசும் குறைக்கத் தயாப் சேட் எண்ணவில்லை, திவாலாகவும் விரும்பவில்லை. அப்துல்லா சேட் தொகை முழுவதையும் உடனே வசூலிக்க முற்பட்டால், ஒரு குடும்பத்தின் வாழ்வும் மானமும் ஒருங்கே அழியும். அழிந்தவரிடமிருந்து முழுக் கடனும் திரும்புமா என்பதும் ஐயமே.

அவர் மீள வழி ஒன்றே இருந்தது. வென்றவர் தம் உரிமையை விட்டுக்கொடாமலே, பெறும் காலத்தை நீட்டித்தல் வேண்டும். சிறுசிறு தவணைகளாகப் பணத்தை ஏற்குமாறு காந்தியடிகள் அப்துல்லா சேட்டை வேண்டினார். தோற்கக்கூடியவரை நடுவரிடம் வரச் செய்ததைக் காட்டிலும், வென்றவரைப் பொறுத்திருக்கச் செய்வது அவர்க்கு அரிதாயிருந்தது. இறுதியில் அப்துல்லா சேட் மனமிரங்கினார்; மிக நீண்ட காலத்திற்குத் தவணை வகுக்கப்பட்டது. கொடுத்தவர் பொருளை இழக்கவில்லை. பட்டவர் மானத்தை இழக்கவில்லை. மக்களிடையே இருவர் மதிப்பும் உயர்ந்தது.

இவ்வழக்கில் இரு முறைகள் அடுத்தடுத்துப் பயன்பட்டமை கருதத்தக்கது. நடுவர் இருதரப்பையும் கேட்டுத் தாமே முடிவு கூறினார். கடன் எவ்வளவு என்பது அதனால் உறுதியாயிற்று. ஆனால் அக்கடனை எவ்வாறு தீர்ப்பது என்பதனைத் தீர்ப்பு சொல்லவில்லை. அதனை இருவரும் தாமே இசைந்து முடிவு செய்தனர். இடைநின்றவர் அதற்கு வழி காட்டினார். இதுவே சமரசம்.

பிரிந்தவரைச் சேர்த்து வைப்பதே வழக்கறிஞரின் மெய்யான கடமை எனக் காந்தியடிகள் உறுதிகொண்டார். பின்னர் ஏறத்தாழ இருபதாண்டுகள் அவர் நடத்திய வழக்குத் தொழிலில், நூற்றுக்கணக்கான வழக்குகளை மன்றத்திற்கு வெளியே இணக்கமாக முடித்தார். 1915-இல் தாயகம் திரும்பிய பின்னும் அந்நெறி அவரை விட்டகலவில்லை. 1918-இல் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் 35 விழுக்காடு ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, இரு சாராரும் நடுவரிடம் செல்ல வேண்டும் என்பதையே அவர் வற்புறுத்தினார். நடுவராயமர்ந்த ஆனந்தசங்கர் துருவர், தொழிலாளர் கேட்ட உயர்வையே வழங்கினார். 1948-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் அடிகள் மறைந்தார்.

அவர் நடந்த வழி இன்று சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. சென்னை உயர்நீதிமன்றத்தில் 2005-ஆம் ஆண்டு சமரச மையம் நிறுவப்பட்டது. 2018-இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, மூன்று இலட்சம் ரூபாய்க்குக் குறையாத வணிக வழக்குகளில், மன்றத்தின் அவசர உதவி வேண்டாதவர் முதலில் சமரசத்திற்கு முயலவேண்டும். தாம்பரத்துச் சிறுதொழில் முனைவோர் ஒருவர், சரக்கு வாங்கியவர் பணம் தரவில்லையென்று வழக்குத் தொடுக்க எண்ணினாலும், இவ்வரம்பிற்குட்பட்டால் இந்நெறிப்படியே செல்லவேண்டும். ஆயினும் சட்டம் இருவரையும் ஓரிடத்தில் அமர்த்தவே வல்லது. தன்பால் நியாயம் உள்ளவரும் பொறுத்திருக்க இசைந்தாலன்றி இணக்கம் பிறவாது.