டாப்சிலிப் தேக்கும் ஹியூகோ வுட்டும்

பொள்ளாச்சியைத் தாண்டி டாப்சிலிப் போயிருக்கிறீர்களா? அங்கு ஓங்கி நிற்கும் தேக்குகளைப் பார்த்தால் ஹியூகோ வுட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயர் காலத்து வன அதிகாரி அவர்.

19-ஆம் நூற்றாண்டில் கப்பல் கட்டவும் ரயில் பாதைக்கும் ஆனைமலைத் தேக்கை வெட்டித் தள்ளினார்கள். யானைகள் இழுத்துவந்த மரங்களை மலை உச்சியிலிருந்து சறுக்கிவிட்டதால்தான் டாப்சிலிப் என்ற பெயரே வந்தது. மலை மொட்டையாகிக்கொண்டிருந்தது.

1915 வாக்கில் இங்கு வந்த வுட், மரத்தை வேரோடு பெயர்க்காமல் அடிக்கட்டையை விட்டு வெட்டச் செய்தார். கட்டை மறுபடி துளிர்த்தது. வெற்றிடங்களில் தேக்கு விதைத்தார். சட்டைப்பையில் விதையோடு நடந்து, கைத்தடியால் குழி போட்டு ஊன்றுவாராம். இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இதில் உங்களுக்கு என்ன? காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கரிமம். காட்டை அழித்து உழுதால், மரத்தில் இருந்தது மட்டுமல்ல, மண்ணில் சேர்ந்திருந்த கரிமமும் கரியமில வாயுவாகிக் காற்றோடு போகும். கட்டையும் வேரும் இருந்தால் மண் கலைவதில்லை, அரிப்பும் குறைவு. உங்கள் வரப்புத் தேக்குக்கும் இது பொருந்தும். ஆனாலும் தனித் தேக்குத்தோப்பு, பலவகை மரங்கள் நிறைந்த பழைய காட்டுக்கு ஈடாகாது.

1933-இல் வுட் இறந்தார். அவர் விரும்பியபடியே டாப்சிலிப்பில், தேக்குகளின் நடுவே அடக்கம் செய்தார்கள்.