விரற்பதிவு கண்ட ஜுவான் வுசேடிச்

குற்றம் நிகழ்ந்த இடத்திற் காணும் இரத்தம், மயிர், நூலிழை, அடிச்சுவடு, விரற்பதிவு யாவும் வாய் பேசாச் சான்றுகளாம். அவற்றுள் விரற்பதிவைக் கொலை வழக்கிற் பயன்படச் செய்த பெரியார் ஜுவான் வுசேடிச் என்பார் சரிதத்தை ஈண்டு யாம் கூறுவோம்.

இவர் 1858-ல் ஏட்ரியாட்டிக் கடலிலுள்ள ஹ்வார் தீவிற் பிறந்து, அர்ஜென்டினா சென்று, லா பிளாட்டா நகரிற் போலீஸ் உத்தியோகம் பூண்டார். 1891-ல் விரற்பதிவுகளை வகுத்துத் தொகுக்கலானார். 1892-ல் நெகோசேயா என்னும் ஊரில் இரு குழந்தைகள் கொலையுண்டனர். தாய் அயலான்மேற் பழி சுமத்தினாள். அவன் வதையுண்டும் குற்றத்தை ஏற்றிலன். கதவிற் படிந்த இரத்தக் கட்டைவிரற் பதிவை இவர் முறையறிந்த அதிகாரியொருவர் ஒப்புநோக்க, அது தாயினதே என விளங்கிற்று. அவளும் உண்மையை ஒப்புக்கொண்டாள்.

வுசேடிச் 1925-ல் காலமானார். அடித்தறிய இயலாததை ஆய்ந்தறியலாமென அவர் வாழ்வு காட்டிற்று. பழிச்சொல் கேட்டவுடன் நம்பாது சான்று தேடுதலை நம் குடும்பத்தாரும் மேற்கொள்வாராக.