கணிதம் கற்பித்த குருவானவர்

நுங்கம்பாக்கத்தில் உள்ள லயோலா கல்லூரி அறிஞர் பலரை உருவாக்கிய கலைக்கூடம். அங்கே அமைதியாகப் பணியாற்றி இந்தியக் கணிதத்தின் போக்கையே மாற்றியவர் அருட்தந்தை சார்லஸ் ரசீன்.

இவர் 1897-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் பிறந்தார். இயேசு சபையில் சேர்ந்து குருவானார். புகழ்பெற்ற கணித மேதை எலீ கார்த்தானிடம் பயின்று, 1934-இல் பாரிசில் டாக்டர் பட்டம் பெற்றார். ஆந்த்ரே வெய்ல், ஆன்றி கார்த்தான் போன்ற பேரறிஞர்கள் இவருடைய நண்பர்கள். பாரிசிலேயே தங்கியிருந்தால் ஆராய்ச்சியில் பெரும்புகழ் அடைந்திருக்கலாம். ஆனால் 1937-இல் மறைப்பணியாளராக இந்தியாவுக்கு வந்தார். முதலில் திருச்சி தூய வளனார் கல்லூரியிலும், பின்னர் லயோலா கல்லூரியிலும் கற்பித்தார்.

அக்காலத்தில் நம் பல்கலைக்கழகப் பாடத்திட்டம் பழைய முறையில் இருந்தது. தேர்வுக் கணக்குகளை விரைந்து போடுபவரே கெட்டிக்காரர் எனப்பட்டார். ரசீன் அடிகளாரோ, ஐரோப்பாவில் அப்போது வளர்ந்து வந்த புதிய கணிதத்தைத் தம் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினார்.

புதிய கணிதத்தின் தூண்களில் ஒன்று குலக் கோட்பாடு. சமபக்க முக்கோண வடிவில் ஓர் அட்டையை வெட்டிக்கொள்ளுங்கள். அது முன்பிருந்த இடத்திலேயே பொருந்துமாறு அதை ஆறு வகையில் அசைக்கலாம்: சும்மா விடுவதையும் சேர்த்துச் சுழற்சிகள் மூன்று, கவிழ்த்தல்கள் மூன்று. இந்த ஆறும் சேர்ந்தது ஒரு குலம். ஒரு சுழற்சியையும் மற்றொரு சுழற்சியையும் எந்த வரிசையில் செய்தாலும் விளைவு ஒன்றே. கவிழ்த்தலோ சுழற்சியுடன் அவ்வாறு ஒத்துப்போகாது. ஆகவே சுழற்சிகள் ஒவ்வொன்றோடும் ஒத்துப்போகும் அசைவுகள் மூன்று மட்டுமே. இவற்றின் தொகுதிக்குச் சென்ட்ரலைசர் என்று பெயர். ஆனால் ஒரு சுழற்சிக்கு முன்னும் பின்னும் அட்டையைக் கவிழ்த்தால், அது எதிர்த்திசைச் சுழற்சியாகிறது. அதுவும் சுழற்சிதானே! தனித்தனி உறுப்பினர் இடம் மாறினாலும் குடும்பம் கலையவில்லை. அவ்வாறு குடும்பத்தைக் காக்கும் அசைவுகளின் தொகுதி நார்மலைசர். இங்கே அதில் ஆறும் அடங்கும்.

ரசீன் அடிகளார் சிறந்த மாணவர்களைத் தம்மிடமே வைத்துக்கொள்ளவில்லை. பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்துக்குச் செல்லுமாறு வழிகாட்டினார். அவ்வாறு 1953-இல் அங்குச் சேர்ந்தவர்களே எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்ரியும். இருவரும் 1965-இல் வெளியிட்ட தேற்றம் வடிவகணிதத்தையும் குலங்களையும் இணைத்து உலகப் புகழ் பெற்றது. சேஷாத்ரி 1989-இல் நம் தியாகராய நகரில் தொடங்கிய கணிதப் பள்ளியே இன்று சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகமாக விளங்குகிறது.

அடிகளார் 1976-இல் இறைவனடி சேர்ந்தார். அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் சிலவே. அவர் உருவாக்கிய அறிஞர்களோ பலர். கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிந்தால்தான் பலன் தரும் என்பதை நற்செய்தியில் கேட்டிருக்கிறோம். தம் புகழை மறந்து பிறரை உயர்த்திய அடிகளாரின் வாழ்வு அதற்கு நல்ல சான்றாகும். கணிதத்தைக் கண்டு அஞ்சும் தோழியரே, அட்டையும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு இன்றே தொடங்குவோமா?